மூன்றாவது துணி

மார்ச் 3, திங்கள்

பெட்டி ஒன்று: இறந்தது 4. பெட்டி இரண்டு: இறந்தது 1. தண்ணீர் ஊற்றியாயிற்று. அறைச் சூடு 28.

இப்படித்தான் எழுத வேண்டும் என்று பியூலா டீச்சர் காட்டிக் கொடுத்தார். இரண்டு நோட்டு தந்திருக்கிறார். இது ரஃப் நோட்டு. முதலில் இதில் எழுதி, சாயங்காலம் நல்ல நோட்டில் திருத்தமாக ஏற்ற வேண்டும். ரஃப் நோட்டை யாரும் பார்க்க மாட்டார்களாம். வேறு எது கண்ணில் பட்டாலும் விடாமல் எழுதி வைக்கச் சொன்னார்.

என் பெயர் குருவம்மாள். ஐந்தாவது வரை படித்தேன். ஊருக்கு வெளியே இருக்கிற இந்தக் கல்லூரியில் எறும்பு அறையைக் கூட்டித் துடைக்க இன்றைக்குச் சேர்ந்தேன். பட்டாசு ஆலை வெடித்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். என் மகள் அங்கே வேலை பார்த்தாள்.

எல்லாம் கட்டெறும்பு. இரண்டு பெரிய கண்ணாடிப் பெட்டி. ஏறி வெளியே வராமல் இருக்க மேல் விளிம்பில் வழுக்குகிற மாதிரி ஒன்றைத் தடவியிருக்கிறார்கள். அறைக்குள் வருகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது. எறும்புக்குக் கண்ணைவிட வாசம்தான் முக்கியமாம். எனக்கு அதில் சிரமம் இல்லை. நான் பூ வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

மார்ச் 4

ஒன்று: 3. இரண்டு: 0. சூடு 28. பஸ் வரவில்லை. நடந்து வந்தேன்.

மார்ச் 5, புதன்

ஒன்று: 2. இரண்டு: 2. சூடு 29.

டீச்சர் இன்று ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் மூன்று எறும்பை எடுத்துத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் விட்டார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். முதல் பெட்டியின் குழாய்கள் ஒரு மரச் சட்டத்தில், இரண்டாம் பெட்டியின் குழாய்கள் இன்னொரு சட்டத்தில். குழாயின்மேல் மார்க்கரால் ஒன்று, இரண்டு என்று போட்டார். ஒரு மாதத்துக்கு மேல் இவை தனியாக இருக்க வேண்டும். அப்புறம் அதனதன் பெட்டியில் திருப்பி விட்டு, வீட்டு எறும்புகள் அடையாளம் கண்டுகொள்கின்றனவா என்று பார்ப்பார்.

ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு வாசம் உண்டாம். ஒன்றையொன்று நக்கி, வாய்க்கு வாய் ஊட்டி, அந்த வாசத்தை எல்லாமே பூசிக்கொள்ளும். தனியாக இருந்தால் அது போய்விடுமா என்பதுதான் கேள்வி. இதைக் கண்டுபிடித்தால் டீச்சருக்கு டாக்டர் பட்டம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று அவரே சொன்னார்.

ராணியையும் காட்டினார். பெரிய உருவம். அது பாட்டுக்குக் கிடந்தது, மற்றவை ஊட்டிவிட்டன. இதுக்கு வேற வேலை இல்லையா டீச்சர் என்று கேட்டேன். முட்டை போடுவதுதான் என்றார். எங்க நாத்தனார் மாதிரி என்றேன். டீச்சர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

மார்ச் 7, வெள்ளி

ஒன்று: 5. இரண்டு: 1. சூடு 29.

செத்ததை அவை அன்றைக்கே தூக்குவதில்லை. புதன்கிழமை ஒன்று தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. மற்றவை வருகின்றன, மீசையால் தொடுகின்றன, சுற்றிக்கொண்டு போகின்றன. நேற்றும் அப்படித்தான். இன்று காலையில் ஒன்று வந்து தொட்டது. உடனே வாயில் கவ்விக்கொண்டு குப்பை மூலைக்குப் போய்ப் போட்டுவிட்டது. இரண்டு நாளில் சாவு வாசம் வந்துவிடும் என்றார் டீச்சர். அந்த வாசம் வருகிறவரைக்கும் அவற்றுக்கு அது சாகவில்லை.

நானும் மூலையில் கிடப்பதைத்தான் எண்ணுகிறேன்.

மார்ச் 8

ஒன்று: 2. இரண்டு: 2.

மார்ச் 10, திங்கள்

ஒன்று: 3. இரண்டு: 2. சூடு 30. குழாய்களில் ஆறும் உயிரோடு இருக்கின்றன. பஞ்சு மாற்றினேன்.

டீச்சர் பெட்டி இரண்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பெட்டி ஒன்றில் விட்டுக் காட்டினார். எதிரில் வந்தது மீசையால் அதன் தலையைத் தடவியது. ஒரே தடவல்தான். அப்புறம் நாலைந்து சேர்ந்து ஆளுக்கொரு காலாகப் பிடித்து இழுத்தன. டீச்சர் இடுக்கியால் எடுத்துவிட்டார். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோல் கறுப்பாகத்தான் இருக்கின்றன.

மகள் வேலைக்குப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் மருந்து வாசம்தான். கந்தகமும் அலுமினியப் பொடியும். நகக்கண்ணில் வெள்ளியாய் ஒட்டியிருக்கும். இரண்டு தரம் குளித்தாலும் போகாது. சோற்றில் கையை வைக்கும்போது திட்டுவேன். பஸ்ஸில் அந்த வாசம் அடிக்கிற பெண் ஏறினால் முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் நகர்ந்து இடம் கொடுப்போம் என்று அவள் சொல்வாள்.

மார்ச் 12, புதன்

ஒன்று: 2. இரண்டு: 3. சூடு 30.

மத்தியானம் ஏட்டையா கல்லூரிக்கே வந்துவிட்டார். ஆலைச் சாவு விஷயமாக எழுதுகிறவர் இவர்தான். வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைப் பிரித்தார்.

ஆலைக்குள் இரும்பு, வெள்ளி எதுவும் கொண்டுபோகக் கூடாது. உரசினால் பொறி வரும். கொலுசு, தோடு, வளையல் எல்லாவற்றையும் கேட்டிலேயே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் அன்றைக்கு நகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு முடிச்சும் அப்படியே இருந்தன. முடிச்சுக்குச் சொந்தமான நான்கு பெண்களும் ஆஸ்பத்திரியில் வரிசையாக வெள்ளைத் துணிக்கு அடியில் இருந்தார்கள். முதல் இரண்டு பேரை முகம் பார்த்தே வீட்டார் வாங்கிப் போனார்கள். மற்ற இரண்டும் அப்படிப் பார்க்கிற மாதிரி இல்லை. மூன்றாவதை நான் வாங்கி வந்தேன். கால் விரலில் தழும்பு இருக்கிறது என்று அடையாளம் சொன்னேன். எங்கள் ஊர் மயானத்தில் அடக்கம் ஆயிற்று.

நான்காவது இன்னும் ஆஸ்பத்திரியில் ஐஸ் பெட்டியில் இருக்கிறது. பக்கத்து ஊர் வேலுத்தாய் அதை வாங்க மாட்டேன் என்கிறாளாம். அவள் மகள் இந்திராணிக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். அங்கே இருக்கிற பிள்ளைக்குப் பல்லெல்லாம் முழுசாக இருக்கிறது. அதனால் வேலுத்தாயின் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடையாளம் தெரியாமல் சாவுச் சர்டிபிகேட் தர மாட்டார்கள்.

ஏட்டையா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நான் வாங்கின பிள்ளைக்கு முன்பல் எப்படி இருந்தது?

நல்லா இருந்துச்சு என்றேன்.

அதை எழுதிக்கொண்டார். ஃபைலில் என் பழைய கைநாட்டும் இருந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்றைக்குக் கைநாட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 13

ஒன்று: 2. இரண்டு: 2.

செத்த எறும்பின் சாற்றைத் துளித் தாளில் தொட்டு டீச்சர் உள்ளே போட்டார். அவை அந்தத் தாளையும் மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. வாசம் இருந்தால் போதும், பிணமே வேண்டாம். நல்ல நோட்டில் எழுதும்போது தாளை இறந்ததில் சேர்ப்பதா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மார்ச் 15

ஒன்று: 1. இரண்டு: 1. தனிக்குழாயில் ஒன்று செத்துவிட்டது. தூக்கிப் போட அதற்கு யாரும் இல்லை. நான் எடுத்துப் போட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அறைக்கு லீவு. டீச்சர் வந்து தண்ணீர் ஊற்றுவார்.

துணி துவைத்தேன். ஆணியில் தொங்குகிற மகளின் நைட்டியைத் துவைக்கவில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தேன். மருந்து வாசம் கொஞ்சம்தான் இருக்கிறது. சுவரின் சுண்ணாம்பு வாசம் ஏறிவிட்டது. அரிசி வாங்கி வந்தேன். ரேஷன் கடையில் அரிசி மட்டம்.

மாலை மயானத்துக்குப் போனேன். சேவு வாங்கி வைத்தேன். அவள் ஒரு பொட்டலம் சேவை பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் தின்றுவிடுவாள்.

மார்ச் 18

ஒன்று: 2. இரண்டு: 0. அண்ணன் சீனிச்சாமி வந்து முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனான்.

மார்ச் 21, வெள்ளி

ஒன்று: 3. இரண்டு: 2. சூடு 31.

வேலுத்தாய் வந்திருந்தாள். கல்லூரி கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். என்னை அவளுக்கு ஆஸ்பத்திரியில் பார்த்த பழக்கம்தான். மஞ்சள் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் கையில் வைத்தாள். இந்திராணி. சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்ததாம். அதனால் போட்டோவுக்கு எப்போதும் வாயை மூடிக்கொள்வாளாம். இந்த ஒன்றில்தான் சிரித்துவிட்டாள்.

"துணியை விலக்கிப் பாத்தியா தங்கச்சி?"

"பாத்தேன்."

"மூஞ்சியைத்தானே கேக்கேன்."

"ஆமாக்கா. பாத்தேன்."

போட்டோவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். நான் அழுக்கான கையால் தொட்டிருப்பேன் போல.

"பெத்தவ பாத்துச் சொன்னா சரிதான். அங்க கெடக்கற பிள்ளை யாரு பெத்ததோ தெரியல. ஒருத்தரும் போறதில்ல. நான் செவ்வாய், வெள்ளி போயி வாசல்ல ஒக்காந்துட்டு வாரேன். தனியாக் கெடக்குல்ல."

பஸ் வந்தது, போய்விட்டாள். நான் உள்ளே வந்து தண்ணீர் ஊற்றினேன். இரண்டு பெட்டிக்கும் ஊற்றினேனா, ஒன்றுக்கு இரண்டு தரம் ஊற்றினேனா என்று தெரியவில்லை.

மார்ச் 22, சனி

ஒன்று: 2. இரண்டு: 4. சூடு 31.

டீச்சர் மதுரைக்குப் போயிருக்கிறார். அலமாரித் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லியிருந்தார். இரண்டு குழாய்ச் சட்டங்களையும் கீழே இறக்கி வைத்துத் தட்டைத் துடைத்தேன். தூசியாக இருக்கிறதே என்று அதே துணியால் குழாய்களையும் துடைத்தேன். ஸ்பிரிட்டில் மார்க்கர் எண் எல்லாம் போய்விட்டது. செத்தது போக ஐந்து குழாய். செத்தது எந்தச் சட்டத்துக் குழாய் என்பதும் நினைவில்லை. எந்தச் சட்டம் வலப்பக்கம் இருந்தது என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தெரியவில்லை.

மார்க்கர் மேசைமேல் இருந்தது. ஒரு சட்டத்துக்கு ஒன்று என்றும் மற்றதற்கு இரண்டு என்றும் எழுதினேன். டீச்சர் எழுத்து மாதிரியே வந்தது. மேலே ஏற்றி வைத்துவிட்டேன்.

நல்ல நோட்டில் "தட்டு துடைத்தது" என்று மட்டும் எழுதினேன்.

மார்ச் 24

ஒன்று: 1. இரண்டு: 2. டீச்சர் வந்தார். குழாய்களைப் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றார்.

மார்ச் 29, சனி

ஒன்று: 2. இரண்டு: 1. சூடு 32.

சாயங்காலம் வீட்டுக்கு ஏட்டையா வந்தார். அண்ணனும் இருந்தான். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். நான்காவது பிள்ளை வேலுத்தாய் பெற்றது இல்லை. இனி என் ரத்தம் வேண்டும். இரண்டு நாளில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். எங்களைத் திட்டவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அவர் போனபின் அண்ணன் சொன்னான்: "போகாத குருவு. கொடுத்தா மண்ணைத் தோண்டுவாங்க. பதினாறு கும்பிட்டு எல்லாம் முடிச்சாச்சு. ஊரு என்ன பேசும்? ஒரு பிள்ளைக்கு ரெண்டு தரமா சடங்கு செய்வாங்க?"

சரிண்ணே என்றேன். ரசம் வைத்தேன். அவனும் சாப்பிட்டான்.

ஏப்ரல் 1

ஒன்று: 1. இரண்டு: 1. போகவில்லை.

ஏப்ரல் 2

போகவில்லை. குழாயில் இன்னொன்று செத்தது. நான்கு இருக்கிறது, சட்டத்துக்கு இரண்டாக.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒன்று: 3. இரண்டு: 2. சூடு 33.

ஏட்டையா போன் பண்ணினார். காய்ச்சல் என்று சொன்னேன். வேலுத்தாய் இன்றைக்கு அங்கே போயிருப்பாள்.

ஏப்ரல் 7

ஒன்று: 2. இரண்டு: 2. துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 10, வியாழன்

ஒன்று: 2. இரண்டு: 1. சூடு 33.

இன்று முப்பத்தாறாவது நாள். டீச்சர் புது நோட்டுடன் வந்தார். கையில் ஸ்டாப் வாட்ச். சாப்பிடக்கூட இல்லை.

ஒன்று என்று எழுதின சட்டத்திலிருந்து வெள்ளைப் புள்ளி எறும்பை எடுத்துப் பெட்டி ஒன்றில் விட்டார். அது கொஞ்ச தூரம் நடந்தது. எதிரில் வந்தது மீசையால் தடவியது. உடனே காலைப் பிடித்தது. இன்னும் மூன்று ஓடி வந்தன. டீச்சர் இடுக்கியால் எடுப்பதற்குள் பின்கால் ஒன்று போய்விட்டது. அப்புறம் இரண்டு என்று எழுதின சட்டத்திலிருந்து ஒன்றைப் பெட்டி இரண்டில் விட்டார். அதற்கும் அப்படித்தான்.

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. பிரிந்திருந்தால் வீட்டு வாசம் போய்விடும் என்று அவர் நினைத்திருந்தாராம், அதேபோல் வந்துவிட்டதாம். மீதி இரண்டையும் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். "பாத்தீங்களாக்கா, ஒரு மாசம் பிரிஞ்சிருந்தா கூடப் பொறந்ததையே தெரியல." அவருடைய சாருக்குப் போனில் எழுதி அனுப்பினார். எனக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தார்.

கேக்கை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆணிக்கு நேரே உட்கார்ந்தேன்.

அவற்றுக்குத் தெரிந்துதான் பிடித்தன.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒன்று: 2. இரண்டு: 2. சூடு 33.

டீச்சர் வந்ததும் சொல்லிவிட்டேன். ஸ்பிரிட், துணி, மார்க்கர் எல்லாம். எந்தச் சட்டம் எதுவென்று தெரியாமல்தான் எழுதினேன் என்றேன்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துடைப்பத்தை வைத்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"நேத்து சாருக்கு எழுதிட்டேனேக்கா. அவங்க வெளிநாடு வரைக்கும் சொல்லியிருப்பாங்க."

"ஆமா டீச்சர்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒண்ணும் இல்ல. இதுகளையே கேட்டிருக்கலாம். பெட்டிக்குள்ள ஒண்ணை விட்டா அதுக சொல்லிட்டுப் போகுது. எண்ணு எதுக்கு?"

மீதி இருந்த இரண்டையும் மாற்றி விட்டார். ஒன்று என்று நான் எழுதினதைப் பெட்டி இரண்டில். அது நடந்தது. எதிரில் வந்தது தலையைத் தடவியது. இன்னொன்று வந்து தடவியது. அப்புறம் அதன் முதுகை நக்கின. வாயோடு வாய் வைத்து ஊட்டியது ஒன்று. மற்றதைப் பெட்டி ஒன்றில் விட்டார். அதற்கும் ஊட்டின. நேற்றுக் கால் போனதையும் அதன் சொந்தப் பெட்டியில் விடச் சொல்லி நான்தான் கேட்டேன். அது நொண்டிக்கொண்டு போனது. அதையும் சேர்த்துக்கொண்டன.

முப்பத்தேழு நாள் கழித்தும் தெரிகிறது என்று டீச்சர் நோட்டில் எழுதினார். நேற்று எழுதினதைக் குறுக்கே அடித்தார். அவர் நினைத்ததற்கு இது நேர் எதிர். என்னைப் போகச் சொல்லவில்லை. அப்புறம் இன்று முழுதும் என்னோடு பேசவும் இல்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். ரஃப் நோட்டுதானே.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான்கு துணி. முதல் துணியில் வேறு ஆட்கள் அழுதுகொண்டிருந்தார்கள். இரண்டாவதிலும். மூன்றாவதற்கு வந்தபோது என் கால் நின்றுவிட்டது. அங்கே எல்லாம் மருந்து வாசம். எல்லாவற்றிலும் அவள் வாசம்தான். போலீஸ்காரர் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு, விலக்கட்டுமா என்றார். வேண்டாம், கால் விரலில் தழும்பு இருக்கிறது, இதுதான் என்றேன். தழும்பு இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. அவள் காலில் தழும்பே கிடையாது. இன்னும் ஒரு எட்டு வைத்தால் நான்காவது. வைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை. ரத்தம் எடுத்தார்கள். நர்ஸம்மா பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ஏட்டையாவிடம், நான் முகத்தைப் பார்க்கலைங்க, பல்லையும் பார்க்கலை என்று சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, டீ குடிக்கிறியாம்மா என்று கேட்டார்.

பிணவறை வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அல்லவா. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் விலக்கலைக்கா."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் பையை மடியிலிருந்து எடுத்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள். இரண்டு பஸ் போகிறவரை உட்கார்ந்திருந்தோம்.

"வெள்ளிக்கெழமை நீ வா. நான் செவ்வாய் வாரேன்" என்றாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

ஒன்று: 1. இரண்டு: 2. சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஒன்று: 2. இரண்டு: 1. போனேன். டீச்சர் பேசினார். நொண்டி எறும்பு எப்படி இருக்கிறது பாருங்கள் என்றார். மற்றவற்றோடு கலந்துவிட்டது. வெள்ளைப் புள்ளியை வைத்துத்தான் தெரிகிறது.

மே 2, வெள்ளி

போனேன். வெயில் தாங்கவில்லை.

மே 6, செவ்வாய்

ஒன்று: 3. இரண்டு: 3. சூடு 35.

ஏட்டையா போன் பண்ணினார். நான்காவது என்னுடையது.

மே 7, புதன்

வேலைக்குப் போகவில்லை.

வேலுத்தாயும் வந்திருந்தாள். மயானத்தில் இருப்பதைத் தோண்டிப் பல்லைப் பார்க்க வேண்டுமா என்று ஆபீசர் அவளைக் கேட்டார். வேண்டாம், மண்ணைக் கிளற வேண்டாம், எம்பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அண்ணன் கதவருகில் நின்றான். வேனுக்குச் சொல்லிவைத்திருந்தது அவன்தான்.

கிளார்க் பதிவேட்டைத் திருப்பிப் பழைய பக்கத்தைப் பார்த்தார். என் கைநாட்டு அங்கே இருந்தது. மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். எனக்கு எழுதத் தெரியும் என்றேன். பேனா கொடுத்தார்.

துணியை விலக்கச் சொன்னேன். விலக்கினார்கள். பார்த்தேன். பல் முழுசாக இருந்தது. மருந்து வாசம் இல்லை. தொண்ணூற்றேழு நாள் ஐஸில் இருந்தது.

பெயர் என்ற இடத்தில் முத்துக்கனி என்று எழுதினேன். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் குருவம்மாள். உறவு என்ற இடத்தில் தாய்.

மயானத்தில் இந்திராணிக்குப் பக்கத்திலேயே குழி வெட்டச் சொன்னான் அண்ணன். வேலுத்தாய் கூடவே வந்தாள். இரண்டுக்கும் அவளும் ஒரு கை மண் போட்டாள், நானும் போட்டேன். திரும்பி வரும்போது அவள் கேட்டாள்.

"இத்தனை நாளும் எம்பிள்ளைக்கு என்ன வச்சுக் கும்பிட்ட?"

பால் ஊற்றினது, மஞ்சள் சேலை போட்டது, பதினாறாம் நாள் சோறு, ஞாயிற்றுக்கிழமை சேவு என்று வரிசையாகச் சொன்னேன்.

வேலுத்தாய் நின்றுவிட்டாள்.

"சேவா? அவளுக்குத்தான் சேவே ஆகாதே. முன்பல்லு கூசும்பா. சீனி மிட்டாய்தான் திம்பா."

சொல்லிவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மே 9

ஒன்று: 1. இரண்டு: 0. நைட்டியைத் துவைத்துப் போட்டேன்.

மே 18, ஞாயிறு

அறைக்கு லீவு.

சேவு ஒரு பொட்டலம். சீனி மிட்டாய் ஒரு பொட்டலம். கடைக்காரர் இரண்டையும் ஒரே காகிதத்தில் கட்டப் போனார். தனித்தனியாகக் கட்டச் சொன்னேன்.